ஒரு கீறல் விழக்கூடாது!

"மெஷினை நிறுத்துடா! என் தார் மேல அந்தப் பல்லு பட்டுச்சு, உன் பல்லு உன் கையில இருக்கும்!"

ரோட்டிலிருந்து வீட்டு வாசல் வரை வழவழவென்று ஓடிய தார்ப் பாதையின் நடுவில் காலை அகட்டி நின்றார் ஃபெஸ்டி. எழுபது வயது. பட்டன் போன கோட்டை, வைக்கோல் கட்டுகிற நீலக் கயிற்றால் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார்.

ஃபைபர் இன்டர்நெட் இணைப்பு கொடுக்க வந்த டெக்லன் அறுக்கும் மெஷினை அணைத்தான்.

"பெரியவரே, ரெண்டு விரல் அகலம்தான் அறுப்போம். கேபிளைப் புதைச்சிட்டு மேல திரும்பத் தார் ஊத்திடுவோம்."

"ஒட்டுப் போட்ட பாதையில நான் நடக்கணுமா? ஆமா, நீ எந்த ஊரு?"

"பக்கத்து மாவட்டம், கால்வே."

"அதானே பார்த்தேன்! ஃபுட்பால்ல எங்க மேயோ டீமைக் கவுத்தது போதாதுன்னு, இப்ப என் ரோட்டையும் கவுக்க வந்துட்டியா?"

கதவு படாரென்று திறந்தது. கையில் ஒட்டிய மாவோடு அவர் மனைவி டிலியா ஓடி வந்தாள்.

"ஃபெஸ்டி! வழியை விடு!"

"மாட்டேன்."

"ஏம்ப்பா, கேபிளைக் கம்பம் வழியா மேலால இழுத்துட்டு வர முடியாதா?" டிலியா டெக்லனிடம் கேட்டாள்.

"மரம் இடிக்குதும்மா. ரெண்டு பக்கமும் பாறை. இந்தப் பாதை ஒண்ணுதான் வழி. வீட்டுக்காரர் சம்மதிக்கலைன்னா நாங்க கிளம்பிட வேண்டியதுதான். அடுத்து இந்தப் பக்கம் வர்றது கிறிஸ்துமஸுக்கு அப்புறம்தான்."

டிலியா மனதுக்குள் நாள் எண்ணினாள். வெள்ளிக்கிழமைக்குள் மகன் காஹல் தன் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் வேகமான இணைப்பு இருந்தால், டொராண்டோவில் பார்க்கிற அதே வேலையை மேயோவில் உட்கார்ந்து பார்க்கலாம். மனைவி, குழந்தையோடு வந்துவிடுவான். இல்லையென்றால் அங்கேயே வீடு வாங்கிவிடுவான். அப்புறம் எங்கே வரப் போகிறான்?

"கேட்டியா ஃபெஸ்டி? பேத்தி முகத்தை போன்லயே பார்த்துட்டு சாகணுமா நான்?"

"நானா அவனை டொராண்டோ போகச் சொன்னேன்?"

"வேற யாரு சொன்னது? 'கம்ப்யூட்டரைத் தட்டுறதெல்லாம் ஒரு வேலையா? மாட்டைப் பார்க்கத் தெரியாதவன் இந்த வீட்டுல இருக்க வேணாம்'னு கத்தினது யாரு? நம்ம நாயா?"

ஃபெஸ்டி இடுப்புக் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார். மழை தூறத் தொடங்கியது.

"இந்தத் தாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுதுப்பா" என்றாள் டெக்லனிடம். "பிள்ளை ப்ளேன் ஏறின மறு வாரமே ஆளைக் கூட்டிட்டு வந்து போட்டார். நான் அழுதுட்டு இருக்கேன், இவர் ரோட்டுக்கு மினுக்குப் பூசிட்டு இருக்கார். கல்லு மனசு!"

"கல்லு இல்ல, தாரு" என்று முணுமுணுத்தார் ஃபெஸ்டி. "இங்க பாரு கால்வே. கேபிள் வரட்டும், நான் வேணாம்னு சொல்லல. ஆனா, என் பாதையில ஒரு கீறல் விழக்கூடாது."

"அதுக்கு நான் மந்திரவாதியைத்தான் கூட்டிட்டு வரணும்."

டெக்லன் மெஷினைத் தூக்கி வேனில் வைத்தான். உதவிக்கு வந்திருந்த அவனுடைய ஆளும் ஏறிக்கொண்டான். டிலியா ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வேன் உறுமியது.

"ஏய் கால்வே!" ஃபெஸ்டி மெல்ல நடந்து வந்து வேன் கண்ணாடியைத் தட்டினார். "வந்ததுதான் வந்த. அந்த கேட் தூணுக்குக் கீழ, செடி மண்டிக் கிடக்கு பாரு, அங்க மண்வெட்டியைப் போட்டுப் பாரேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். அங்க மண்ணு இளகலா இருக்கும்."

டெக்லன் அலுத்துக்கொண்டே இறங்கி வெட்டினான். நாலாவது வெட்டில் 'டொக்' என்றது. மண்ணைக் கையால் விலக்கினான். ஒரு கறுப்புக் குழாய். மழைத்தண்ணீர் போகாமல் பிளாஸ்டிக் பையால் வாய் கட்டப்பட்டிருந்தது.

"அடேயப்பா! குழாய் தாருக்கு அடியிலேயே வீட்டுப் பக்கமா போகுதே!"

குழாய் போன நேரில், வாசலில் இருந்த பூந்தொட்டியை நகர்த்திப் பார்த்தார்கள். அங்கே குழாயின் மறுவாய். பையை அவிழ்த்ததும் உள்ளேயிருந்து ஒரு கயிற்று நுனி எட்டிப் பார்த்தது. அதன் மறுநுனி கேட் பக்கம் இருந்தது. டெக்லன் அதில் கேபிளை முடிந்து கையைக் காட்டினான். அவனுடைய ஆள் வாசலிலிருந்து இழுக்க, கேபிள் வழுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தார் மேல் ஒரு கீறல் இல்லை.

"யாரு பெரியவரே இந்தப் புண்ணியவான்?"

"எனக்கென்ன தெரியும்? தார் போட்டவனுங்க போட்டிருப்பானுங்க" என்று வானத்தைப் பார்த்தார் ஃபெஸ்டி.

"அவங்க ஏன் போடப் போறாங்க? யாரோ விவரமான ஆளு. தார் போட்டப்புறம் இதை உள்ள நுழைக்க முடியாது. அதுக்கு முன்னாடியே பள்ளம் வெட்டிப் புதைச்சிருக்கணும். என்னைக்காவது இந்த வீட்டுக்கு லைன் வரும்னு காத்துட்டு இருந்த ஆளு!"

டிலியா அசையாமல் நின்றாள். தார் போட்ட வாரம் அவள் ஒரே ஒரு நாள்தான் வீட்டில் இல்லை. மகன் திரும்பி வர வேண்டுமென்று நாக் ஊர் மாதா கோயிலில் முழங்கால் போட்டு அழுத நாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது இவர் உடம்பெல்லாம் மண்ணோடு நின்றார்.

குனிந்து, குழாயிலிருந்து இழுத்துப் போட்டிருந்த கயிற்றை எடுத்தாள். வைக்கோல் கட்டுகிற நீலக் கயிறு. அதைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து, ஃபெஸ்டியின் இடுப்பைப் பார்த்தாள்.