திரும்பி வந்த கூட்ட அழைப்புகள்

“மேல போய் உக்காந்ததும் நம்ம அழைப்பெல்லாம் கசக்குது மகாராணிக்கு” என்றாள் பெத்ரான்கா, என் மேசையில் சாய்ந்து, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனீட்சாவைப் பிய்த்தபடி. “போன மாசம் வரைக்கும் இதுல பாதியப் பிடுங்கித் தின்னவ!”

மகாராணி என்றால் ஸ்த்ராவ்கா. எங்களோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது எங்கள் ப்ளோவ்திவ் நகரக் கிளைக்குத் தலைவி.

அவளை யார் கூட்டத்துக்கு அழைத்தாலும், அனுப்பிய கையோடு அழைப்பு திரும்பி வந்தது. ‘சேர்க்க முடியவில்லை’ என்ற குறிப்போடு.

மின்னஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொள்வது நான்தான். முன்பே பார்த்திருக்க வேண்டும்.

எனக்கும் ஒன்று திரும்பி வந்திருந்தது. அவளுக்குப் பதவி வந்ததும், ‘நாம் இருவர் மட்டும், காபி’ என்று சின்னக் கூட்ட அறைக்கு அழைத்திருந்தேன். திரும்பி வந்ததைப் படிக்காமலே அழித்தேன். பிறர் அஞ்சலை வரி வரியாகப் படிக்கிறவள்தான். மனம் நோகும் என்றால் மட்டும் எனக்கு எழுத்து மறந்துவிடும்.

பெத்ரான்காவுக்கு வந்ததைத் திறந்தேன்.

சேர்க்க முடியாத பெயர் ஸ்த்ராவ்கா இல்லை. ல்யூபென்.

ஸ்த்ராவ்காவுக்கு உதவியாளனாக வந்து, வந்த வாரமே வேறு வேலை கிடைத்து கிரீஸுக்குப் போனவன். தனக்கு வரும் கூட்ட அழைப்புகளின் நகல் அவனுக்கும் போகும்படி அவள் அமைத்திருந்தாள். அவன் கணக்கை நீக்கினோம். அந்த அமைப்பு மட்டும் அவளுடைய அஞ்சல்பெட்டிக்கு அடியில் ஒளிந்து கிடந்தது. ஒவ்வொரு நகலும் இல்லாத ஒருவனைத் தேடிப் போய்த் திரும்பியிருக்கிறது.

அவள் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

அமைப்பை நீக்கினேன். சோதனைக்கு ஓர் அழைப்பு அனுப்பினேன். திரும்பவில்லை. பல நாட்களாக நெஞ்சில் கிடந்த கல் நகர்ந்தது. பெத்ரான்காவின் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தின்றேன்.

பாதி மெல்லும்போதுதான் தோன்றியது. திரும்பி வந்தது நகல் என்றால், மூல அழைப்பு?

சர்வரின் பதிவைப் பார்த்தேன். பெத்ரான்காவுடையது, சேர்ந்தது. மற்றவர்களுடையது, சேர்ந்தது. என்னுடையது, சேர்ந்தது.

ஸ்த்ராவ்கா அழைப்புக்குப் பதில் போடும் பழக்கம் இல்லாதவள். நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். திரும்பியதை நம்பி, அழைத்த நாங்கள்தான் போகவில்லை.

பெத்ரான்கா கடைசியாக அழைத்திருந்தது இன்றைக்கு. இதே நேரத்துக்கு, சின்னக் கூட்ட அறைக்கு.

வழிநெடுக ஓடினேன்.

சின்னக் கூட்ட அறையில் ஸ்த்ராவ்கா தனியாக இருந்தாள். எதிரே ஒரு சாக்லேட் பெட்டி. பதவி உயர்ந்தவர், மற்ற எல்லோருக்கும் இனிப்பு நீட்ட வேண்டும். ஆளுக்கு ஒன்று எடுத்து வாழ்த்த வேண்டும். எங்கள் வழக்கம் அது. பெட்டியின் மூலைகள் நசுங்கியிருந்தன. மேலுறை பிரிக்கப்படவில்லை.

அவள் எழுந்திருக்கவில்லை.

“காபிக்குக் கூப்பிட்டுட்டு, இப்பதான் வழி தெரிஞ்சுதாடி?”

உறையை நான்தான் கிழித்தேன்.