முள்ளங்கி விற்கிறவன்

‘உன் கனவில் நான் வந்தேனா’ என்று எவனோ ஒருவன் முதன்முதலாகக் கேட்ட அன்றுதான் மனித இனம் தன் மானத்தை இழந்தது.

இதை அவன் சிரிக்காமல் சொன்னான். பாளையங்கோட்டையில் அவன் படித்த கல்லூரியின் திரைப்பட மன்றப் பலகையில் ஒட்டியும் வைத்தான். நாலு பக்கம். கீழே ‘செயலாளர்’ என்று கையெழுத்து.

கனவுகளைப் பற்றிய ஒரு ஜப்பானிய அனிமேஷன் படத்துக்கு அவன் எழுதிய விமர்சனம் அது.

படத்தை அவன் இன்னும் பார்த்திருக்கவில்லை.

அதுதான் அவன் வழக்கம். பார்த்துவிட்டு எழுதினால் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பான். மூன்று வருடமாக அப்படித்தான் எழுதினான். ஒன்றுகூடத் தப்பவில்லை என்பதும் அவனே சொன்னதுதான்.

அதே மூன்று வருடமாக ரெஜினாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தான். அவள் மன்றத்தின் பொருளாளர். சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை கிளம்புகிறாள்.

சனிக்கிழமை மத்தியானம் கருத்தரங்குக் கூடத்தில் திரையை இறக்கினார்கள்.

“ஏல, பொம்மைப் படத்துக்கெல்லாம் ஏசி கிடையாதா?” பின்வரிசையில் இசக்கிராஜா கத்தினான்.

விளக்கு அணைந்தது.

படத்தில் ஓர் இன்ஜினீயர். அடுத்தவர் கனவுக்குள் நுழைய ஒரு கருவி செய்கிறான். ஹெல்மெட் மாதிரி தலையில் மாட்டிக்கொள்ளலாம். உலகமே வாயைப் பிளக்கிறது.

இன்ஜினீயருக்கு உலகம் முக்கியமில்லை. மனைவியின் கனவில் தான் எப்படி இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நுழைந்தான்.

அவளுடைய பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். சின்ன வயதில் செத்துப்போன நாய் இருந்தது. ரயிலில் டிக்கெட் பார்க்கிறவர் இருந்தார். தெருமுனையில் முள்ளங்கி விற்கிறவன்கூட இருந்தான்.

இன்ஜினீயர் இல்லை.

மறுநாளும் போனான். இல்லை. கருவியில்தான் கோளாறு என்று அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடி பூட்டினான்.

இல்லை.

கடைசியில் முள்ளங்கிக்காரனை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவன் தலைத்துண்டைத் தான் கட்டிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் போய் நின்றான்.

மனைவி வந்தாள். அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

முள்ளங்கிக்குப் பேரம் பேசினாள்.

பாதி விலைக்குக் கொடுத்தான்.

படம் முடிந்தது.

“செயலாளரே, புட்டுப்புட்டு வச்சிருக்கேல்லா! பாக்காமலே எப்படில?” இசக்கிராஜா முதுகில் ஒன்று வைத்தான்.

இவன் நக்கலாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தான். சொல்லாமல் கண்ணைக் கசக்கினான். கூடத்துத் தூசி என்று வைத்துக்கொண்டான்.

எல்லோரும் போனார்கள்.

நாற்காலிகளை அடுக்க வேண்டியது செயலாளரும் பொருளாளரும். மன்ற விதி. எழுதியவன் அவன்.



“காலைல உங்கிட்ட ஒரு கனவு சொல்லணும்னு வேகமா வந்தேன், பாத்துக்க” என்றாள் ரெஜினா. “பலகைல நீ எழுதியிருந்ததப் படிச்சேன். இவங்கிட்டப் போயி சொன்னா நாறடிச்சிருவானேன்னு விட்டுட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவன் தூக்கிய நாற்காலி பாதியில் நின்றது.

“இப்பச் சொல்லேன்.”

“இப்ப எங்கல ஞாபகம் இருக்கு? ஏதோ பஸ் ஸ்டாண்டு. ஒரே கூட்டம். எவனோ ஒருத்தன் என் பெட்டியத் தூக்கிட்டுக் கூடவே வாரான். மூஞ்சி மறந்துபோச்சு.”

அடுத்த நாற்காலியை எடுத்தாள்.

அவனும் எடுத்தான்.

காலையில் அந்த மூஞ்சி அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கூடம் காலியானது. அவள் பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினாள். அவன் கதவைப் பிடித்தபடி நின்றான். வெளியே எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான்.

“அவன் என்ன கலர் சட்டை போட்டிருந்தான்?”