நிறுத்தச் சொன்னது யார்?

“இப்பத் திருப்திதானே உனக்கு? நல்லா இருந்த புள்ளயைப் படுக்க வெச்சுட்டியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?”

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சூப்பர்வைசர் சிவகுருவின் சட்டையைப் பிடித்துவிட்டாள் பேச்சி. இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் தேயிலைக் காட்டிலிருந்து அப்படியே ஜீப்பில் ஏறி வந்திருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் சூப்பர்வைசர் என்ன, மானேஜர் என்ன, எல்லாம் ஒன்றுதான்.



காலையில் பேச்சிக்குப் பக்கத்து வரிசையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தேவி, நின்ற நிலையில் அப்படியே சரிந்து விழுந்துவிட்டாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சும் போய்விட்டது. எஸ்டேட் ஜீப்பில் தூக்கிப் போட்டு, தேவாலாவிலிருந்து கூடலூருக்குப் பறந்து வந்திருந்தார்கள்.

உள்ளேயிருந்து டாக்டர் ஜெஸிந்தா வந்தார்.

“தேவியோட வீட்டுக்காரர் யாரு?”

“நாந்தானுங்க,” என்றான் பாண்டியராஜ்.

“இதயத்துல வால்வு மாத்தினவங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்திருக்கோம். அதை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?”

“தெனமும் நானே கையில எடுத்துக் குடுப்பேனுங்க. வாங்கிட்டுத் தண்ணி குடிக்க அடுப்படிக்குப் போவா.”

“முழுங்கினதைப் பார்த்தீங்களா?”

“அதைப் பார்க்கலீங்க.”

“ரத்தத்துல அந்த மருந்தே இல்லாத மாதிரி இருக்கு. வால்வுல ரத்தக்கட்டி உண்டாகி, மூளைக்குப் போற ரத்தக்குழாயை அடைச்சிருக்குன்னு சந்தேகப்படறோம். ஊட்டிக்கு அனுப்பறேன், ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு. பேச்சு திரும்புமா, கை கால் வருமான்னு இப்பச் சொல்ல முடியாது.”

பாண்டியராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“எல்லாம் இந்த ஆளாலதான் டாக்டரம்மா,” பேச்சி சிவகுருவைக் காட்டினாள். “மழை பிடிச்சா எங்க பக்கம் அட்டைக்குக் கேக்கவா வேணும். போன மாசம் இவ கால்ல அட்டை கடிச்சு ரத்தம் நிக்காம ஓடுச்சு. அதுக்கு, ‘ரத்தம் ஒழுகறவளுக்கு என் காட்டுல வேலை இல்ல, பேக்டரிக்குப் போ’ன்னு அத்தனை பேர் முன்னாடி கத்தினாரு. ஒரு பொம்பளையப் பார்த்துப் பேசற பேச்சா இது? அந்த அவமானத்துலதான் மாத்திரைய நிறுத்தியிருப்பா.”

டாக்டர் சிவகுருவைப் பார்த்தார்.

“கத்தினது தப்புதானுங்க,” என்றார் சிவகுரு. “எங்கண்ணனும் அந்த மாத்திரைதான் சாப்பிடறாரு. இவ கால்ல ரத்தம் ஓடறதப் பார்த்ததும் பதறிப் போயிட்டேன். பேக்டரிக்குள்ள அட்டை வராது, மழை முடியற வரைக்கும் அங்க இருக்கட்டும்னு நெனச்சேன். இவங்கல்லாம் சண்டைக்கு வந்துட்டாங்க. அப்புறம் தேவியே வந்து, ‘இப்ப அட்டை கடிச்சாலும் ரத்தம் உடனே நிக்குதுங்க’ன்னு காலைக் காட்டினா. நானும் சரி, குணமாயிடுச்சுன்னு விட்டுட்டேன்.”

“குணமாகலை. மாத்திரையை விட்டதால நின்னிருக்கு,” என்றார் டாக்டர். “அட்டை கடிச்சா துணியை வெச்சு அழுத்திப் பிடிக்கணும். நிக்கலைன்னா இங்க வரணும். ரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்து, கூட்டறதோ குறைக்கறதோ நாங்க சொல்லணும். இவங்களை நிறுத்தச் சொன்னது யாரு? அந்த ஆள் நாளைக்கு இன்னொருத்தருக்கும் இதே யோசனையச் சொல்லுவாங்க.”

“அவளையே கேளுங்க. வாய் போனா என்ன, காதும் கண்ணும் நல்லாத்தானே இருக்கு,” என்று பேச்சி எல்லோரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலில் தேவி விழித்துத்தான் இருந்தாள். பேச்சியைப் பார்த்ததும் கண் நிறைந்தது. பேச்சி அவள் முகத்தருகே குனிந்தாள்.

“பயப்படாத புள்ள, நான் இருக்கேன். ஒன்ன இந்தக் கதிக்கு ஆளாக்கினது யாருன்னு கை நீட்டிக் காட்டு. மிச்சத்த நான் பார்த்துக்கறேன்.”

தேவியின் இடது கை மெதுவாக எழுந்தது. எல்லோரும் சிவகுருவைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கை அவர் பக்கம் போகவில்லை. பேச்சியை நோக்கி வந்தது. பாதியில் நின்றது. தேவி ஒரு நிமிஷம் பேச்சியின் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை மடக்கித் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள்.

“நீங்களேதான் நிறுத்தினீங்களா? யாரும் சொல்லலையா?” என்று கேட்டார் டாக்டர்.

ஆமாம் என்று தேவி தலையசைத்தாள்.

அட்டை கடித்த காலில் புகையிலை வைத்துக் கட்டிவிட்டபோது தான் பேசியது இப்போதுதான் பேச்சிக்கு நினைவுக்கு வந்தது. ‘அந்தப் பாழாப்போன மாத்திரையாலதானே ரத்தம் நிக்கல? மழை முடியற வரைக்கும் தூக்கி அடுப்புல போடு. ஒம் புருசங்கிட்டச் சொல்லிக்கிட்டிருக்காத.’ பாசத்தில் சொன்னதுதான். சொல்லிவிட்டு மறந்தும் போயிருந்தாள்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அவ பொய் சொல்றா டாக்டரம்மா,” என்றாள் பேச்சி. “சொன்னது நாந்தான்.”