வியாழக்கிழமைப் புருஷன்

“எட்டு வருஷமா இவள ஒரு சொல்லு சொன்னதில்லீங்க! ராணி மாதிரி வெச்சிருக்கேன்!” என்று கவுண்டரிலிருந்த பெண்ணிடம் முழங்கினார் சடையப்பன். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்த அந்தக் குழந்தைப்பேறு மருத்துவமனையின் வரவேற்பறையே டிவி சீரியலை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கார்த்யாயினி அவர் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினாள். “மெதுவாப் பேசுங்க” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

எட்டு வருஷமாவது, ஒன்றாவது! அவரை அவள் முதன்முதலாகப் பார்த்ததே போன ஞாயிற்றுக்கிழமைதான். சடையப்பன் தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர். இன்றைக்கு மட்டும் புருஷன் வேஷம்.

கார்த்யாயினி சிதம்பரத்தில் கணக்கு டீச்சர், வயது முப்பத்தாறு. பெண் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பஜ்ஜி போட்டுப் போட்டு அலுத்துப்போய், கல்யாணமே வேண்டாம் என்று முடிவுகட்டிவிட்டாள். ஆனால் பிள்ளை வேண்டும். அந்த ஆசை மட்டும் அடங்கவே மாட்டேன் என்றது.

முகம் தெரியாத யாரோ தானம் கொடுத்த விந்தில் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வாரப் பத்திரிகையில் படித்திருந்தாள். “அதெல்லாம் சரிடி. தனியாப் போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க” என்று பயமுறுத்தி, இந்த ராஜாவைப் பிடித்துக் கொடுத்தவள் தோழி சிவப்ரியா.

விஷயம் வெளியே கசிந்தால் தொலைந்தது. சிதம்பரத்தில் தேர் நாலு வீதியும் சுற்றி வர ஒரு பகல் ஆகும்; வம்பு சுற்றி வர அரை மணி போதும். வேலையும் போகும், பிள்ளையும் கனவாகவே போகும்.

வம்புக்கு ஆள் எதிர் பெஞ்சிலேயே இருந்தாள். முதுநகர் சௌந்தரமாம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறாராம். கேட்காமலே இவ்வளவும் சொல்லிவிட்டு, நகர்ந்து வந்து கார்த்யாயினியிடம் ஒட்டிக்கொண்டாள்.

“கவுண்டர்ல மொதல்ல என்னா கேட்டாங்க?”

“கல்யாணமாகி எத்தினி வருஷம்னு கேட்டாங்க.”

“வீட்டுக்காரரு கையெழுத்து போடணுமா? கல்யாண ஃபோட்டோ எதுனா காட்டச் சொன்னாங்களா?”

“இல்லக்கா.”

“அது சரி, மெட்டி புதுசா இருக்கே?”

கார்த்யாயினி காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். காலையில்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாங்கி மாட்டிய மெட்டி, விரலை நெரித்துக்கொண்டிருந்தது. “பழசு தேஞ்சி போச்சிக்கா” என்று சமாளித்தாள்.

“நல்லது, நல்லது” என்று சௌந்தரம் தன் கால்விரலை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு சடையப்பனை மேலும் கீழும் பார்த்தாள். “உங்கள எங்கியோ பாத்துருக்கேனே!”

“எனக்கு எல்லா ஊர்லயும் இதே மொகந்தாங்க” என்றார் அவர் மிடுக்காக. நல்ல வேளை, உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வியாழக்கிழமைதோறும் சென்னையிலிருந்து வருகிற டாக்டரம்மா, கார்த்யாயினியிடம் விவரமெல்லாம் கேட்டுவிட்டு சடையப்பன் பக்கம் திரும்பினார். “சார், உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம். குறை உங்ககிட்டயும் இருக்கலாம் இல்லியா?”

ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “யாருகிட்ட கொறை? எனக்கு நாலு புள்ளைங்கம்மா! மூத்தவன் பத்தாவது படிக்கிறான்!”

விடிய விடிய மைக் இல்லாமல் பாடிப் பழகிய குரல். கதவைத் தாண்டி, வரவேற்பறையைத் தாண்டி, தெருமுனை டீக்கடை வரைக்கும் போயிருக்கும்.

கார்த்யாயினி முகத்தைப் பொத்திக்கொண்டாள். “எனக்குக் கல்யாணமே ஆகல டாக்டர். இவரு யாரோ. எனக்கு ஒரு கொழந்த வேணும், அவ்ளோதான்” என்று சொல்லி அழுதேவிட்டாள்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, “இதுக்காம்மா இவ்ளோ பாடு? தனியா இருக்கறவங்களும் பெத்துக்கலாம், சட்டம் ஒண்ணும் தடுக்கல. டோனர் ஏற்பாடெல்லாம் நாங்க பாத்துக்கறோம். புருஷன் தேவையே இல்ல. அடுத்த தடவ தனியாவே வா” என்றார்.

கார்த்யாயினிக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் வேஷத்துக்கு வேலையே இல்லை என்றதும் சடையப்பனுக்குத்தான் முகம் தொங்கிப் போயிற்று.

வெளியே வந்தால், கீழே இறங்கும் மாடிப்படியை மறித்துக்கொண்டு நிற்கிறாள் சௌந்தரம்!

“நாலு புள்ளைங்களா? இங்க வரைக்கும் நல்லாவே கேட்டுச்சி” என்றாள் சடையப்பனிடம். “இப்ப ஞாபகம் வந்துடுச்சி. மேல்பட்டாம்பாக்கம் கூத்துல ராஜா வேஷம் கட்டுனவருதான நீங்க?”

கார்த்யாயினிக்கு வந்த சந்தோஷம் வந்த வழியே திரும்பிப் போனது. “அக்கா, உங்க கால்ல வேணா வுழறேன். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க” என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

சௌந்தரம் சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்து, நெரிபட்டுச் சிவந்திருந்த தன் கால்விரலிலிருந்து புத்தம்புது மெட்டியைக் கழற்றிக்கொண்டே, சடையப்பனிடம் கிசுகிசுத்தாள்.

“அண்ணே, அடுத்த வியாழக்கெழம எனக்கும் புருஷனா வர்றீங்களா?”