மீட்கப்பட்டோர் பகுதி மட்டும்

கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். சன்னலோரம் மடிக்கணினியோடு மகன். எதிரே, சாப்பாட்டு மேசையில் கடிதம் எழுதிக்கொண்டு அம்மா. வாசலை ஒட்டிய நாற்காலியில், செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் தம்பி.

அப்பா சமையல்காரராகப் போன சரக்குக் கப்பல் மூழ்கிப் பத்தொன்பது நாளாகிறது. கப்பல் நிறுவனம் தன் இணையப் பக்கத்தில் தகவல் போட்டுவந்தது. மகன் முதல் நாளே ஜாவாஸ்கிரிப்டில் ஒரு நிரல் எழுதிவிட்டான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது அந்தப் பக்கத்தை இழுத்துவந்து, ‘மீட்கப்பட்டோர்’ என்ற பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் திரையில் காட்டும்.

“அதே பதினோரு பேர்தான்” என்றான்.

“உன் நிரல் ஒழுங்காத்தான் பாக்குதா, இல்ல உன்ன மாதிரி தூங்குதா?”

“அது தூங்காது மாமா. நேத்து உக்காந்தபடியே குறட்டை விட்டது நீங்கதான்.”

யாரும் சிரிக்கவில்லை. அம்மா எழுதுவதை நிறுத்தினாள்.

“ஏம்பா, அந்தப் பக்கத்த முழுசாத் திறந்து பாக்கறதுண்டா?”

“முதல் நாள் பாத்தேம்மா. அப்ப இந்த ஒரு பட்டியல்தான் இருந்துச்சு. அப்புறம் எதுக்குத் திறக்கணும்? வேணுங்கறத இதுவே வெட்டிக் கொடுத்துடுதே.”

“சரி, அப்படியே இருக்கட்டும்” என்று பேனாவை மறுபடி எடுத்தாள்.

“கம்பெனிக்கு நல்லா அழுத்தி எழுதும்மா. தேடறத நிறுத்தவே கூடாதுன்னு.”

அம்மா கடைசி வரியை எழுதி முடித்தாள். கையெழுத்திட்டு, தாளை மூன்றாக மடித்து உறையில் வைத்தாள். பசை தடவி ஒட்டி, ஓரத்தை இரண்டு முறை விரலால் நீவினாள். பிறகு தம்பியோடு வாசலுக்கு வந்தாள்.

“பதிவுத் தபால்ல போடுடா. இன்னிக்கே போகணும்.”

“மெயில் அனுப்பினா போதாதாக்கா?”

“கையெழுத்தோட வேணுமாம்.”

“போட்டுடறேன். நாம எழுதினா மட்டும் இன்னும் எத்தன நாள்தான் தேடுவாங்க?”

“பத்து நிமிஷத்துல மறுபடி பாத்துடலாம்மா!” என்று உள்ளேயிருந்து மகனின் குரல் வந்தது.

அம்மா கதவை மெல்லச் சாத்தினாள். உறையைத் தம்பி கையில் வைத்து அழுத்தினாள்.

“உடம்ப எந்த விலாசத்துக்கு அனுப்பணும்னு கேட்டிருக்காங்கடா.”