பூனைக்குட்டி தூங்கிய பெட்டி

"ஈரம் படாம இருந்தா எத்தனை கடல் வேணும்னாலும் தாண்டலாம்" என்று காகித ஆலையின் பெரிய சுருள் சொன்னது. அதற்குப் பிறகும் ஏதோ சொன்னது. அட்டைப்பெட்டிக்கு அது ஞாபகமில்லை.

கரும்புச் சக்கையில் பிறந்த பெட்டி அது. நோட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு கொழும்புக்குப் போனது. அங்கே ஒரு வீட்டில் பூனைக்குட்டிக்குப் படுக்கையானது. குட்டியிடம் எப்போதும் ஊரின் கரும்பு வாசத்தைப் பற்றியே பேசும். பிறகு பழைய காகிதக் கட்டுகளோடு கப்பலேறி, பிறந்த ஆலையின் முற்றத்துக்கே கூழாவதற்கு வந்து சேர்ந்தது.

"என் மடியிலதான் தூங்கும். என்ன சூடு தெரியுமா!" என்றது பழைய பெட்டி.

கப்பலுக்குக் காத்திருந்த புதுப்பெட்டி சிரித்தது. "காலையிலேர்ந்து பூனை புராணம்தான் மாமா. அங்க இருந்தப்போ கரும்புப் பேச்சுதான்னு நீங்களே சொன்னீங்க, இங்க வந்ததும் பூனையா? நீங்க எந்த ஊர்லதான் இருந்தீங்க?"

பழைய பெட்டி தன் மடிப்புகளை மூடிக்கொண்டது.

"கோவிச்சுக்காதீங்க. விறைப்பா இருக்கிற பெட்டிங்களை மறுபடியும் சரக்குக்கு எடுக்கிறாங்க. நனைஞ்சாதான் கூழ். மழை வருது, தார்ப்பாய்க்குள்ள வந்துடுங்க. கொழும்புக்குச் சேர்ந்தே போவோம்."

கூழ்த்தொட்டிப் பக்கமிருந்து கரும்பு வாசம் வந்தது.

"குட்டி இந்நேரம் பெரிசாகியிருக்கும்" என்றது பழைய பெட்டி. "எனக்குள்ள அடங்காது."

முதல் துளி விழுந்தபோது, அது தன் நான்கு மடிப்புகளையும் விரித்து வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.