கழுவும் மெஷின்

"எந்திரிங்கக்கா. கால்ல இடிச்சிடப் போவுது" என்றான் ஆசிப்.

தபீதாள் எழுந்திருக்கவில்லை. போர்க்லிஃப்டின் இரண்டு இரும்புக் கைகளும் அவள் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றன. அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் சுற்றிய மெஷின். எதிரே திறந்து கிடந்த ஷட்டர். ஷட்டருக்கு வெளியே லாரி.

ஆசிப் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். இதற்கு மேல் தன்னால் ஆகாது, சாரே வந்து பேசிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சர்க்யூட் போர்டு செய்கிற அந்தக் கம்பெனியில் தபீதாள் சட்டம் கழுவுகிறவள். போர்டுகளைச் சட்டத்தில் பொருத்தி, உருகிய ஈயத்தின் மேல் ஓட்டுவார்கள். போர்டு பளபளவென்று வெளியே வரும். ஈயம் ஒட்டுவதற்காகப் போர்டில் தெளித்த பசை சட்டத்தில் கருகி அப்பிக்கொள்ளும். அதைக் கெமிக்கலில் ஊற வைத்து, தேய்த்துக் கழுவி, மறுபடி லைனுக்கு அனுப்ப வேண்டும். ஜன்னல் இல்லாத பின்னறையில் ஆறு பெண்கள் அதைச் செய்தார்கள்.

மெஷினுக்கு ஆறு பேர் வேண்டாம். சட்டங்களை உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்தினால் தானே தெளிக்கும், தானே அலசும், தானே காய வைக்கும். அவர்கள் பகல் முழுக்கத் தேய்ப்பதை டீ குடித்து வருவதற்குள் முடித்துவிடும். ஓர் ஆள் போதும். மீதி ஐந்து பேர் எங்கே போவது? அதையும் அவர்கள் ஆறு பேரும் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்த பிறகுதான் தபீதாள் வந்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

மேனேஜர் கேஷவ் வந்தார். முதலில் நயமாகத்தான் பேசினார். நாவலூர் ஹெட் ஆபீசில் முடிவாகிவிட்டது, மெயிலும் வந்துவிட்டது, தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். லாரி காத்திருக்கிறது என்றார். தபீதாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இடத்தை விட்டு நகரவில்லை.

"மெஷினைப் பத்தி உன்னைக் கேட்டா முடிவு பண்ணுவாங்க?"

"கேட்டிருக்கணும் சார். இந்தச் சட்டத்தைத் தேய்ச்சே விரல் ரேகை போச்சு. காலையில விரல் வெச்சா கேட்டு தொறக்க மாட்டேங்குது, செக்யூரிட்டி பாத்து உள்ள விடறார். என்னைக் கேக்காம வேற யாரைக் கேப்பீங்க?"

கேஷவ் கடைசியில் கொடுக்கலாம் என்று வைத்திருந்த வாக்கை இப்போதே கொடுத்தார்.

"நல்லாக் கேட்டுக்கம்மா. உங்க ஆறு பேர்ல ஒருத்தர் வேலையும் போகாது. நான் கேரண்டி. இதே வேலை, இதே ரூம், ரிட்டயர் ஆகுற வரைக்கும். போதுமா?"

தபீதாள் சிரித்தாள். பின்னறை வாசலில் நின்ற ஜஹீராவும் சிரித்தாள். ஜஹீரா அவளோடு சட்டம் கழுவுகிறவள்.

"நீயாவது எடுத்துச் சொல்லும்மா" என்றார் கேஷவ் அவளிடம்.

"நான் இன்னா சார் சொல்றது? மெஷினைத் தூக்கணும்னா அவங்களையும் சேத்துத்தான் தூக்கணும். வண்டி தாங்குமான்னு ஆசிப்பைக் கேட்டுக்குங்க."

திரும்பி வந்திருந்த ஆசிப் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

கேஷவின் குரல் மாறியது. செக்யூரிட்டியை விட்டு இழுத்துப் போடச் சொல்வேன் என்றார். நாளை முதல் கேட்டைத் தாண்ட முடியாது, மறைமலை நகர் வரை ஒரு கம்பெனியிலும் சேர முடியாது என்றார். பொழிச்சலூர் வீட்டில் அவள் புருஷன் முதுகு ஒடிந்து படுத்திருப்பதையும் ஞாபகப்படுத்தினார்.

அது அவருக்குத் தெரியும் என்பது தபீதாளுக்குத் தெரியும். வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்திதான். காலையில் கிளம்பும்போதே இதையெல்லாம் யோசித்துவிட்டு, இரண்டு வேளைச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"வேலைதானே சார் போகும். போகட்டும்."

"போலீஸ் வரும்."

"வரட்டும். அவங்ககிட்டயும் இதையேதான் சொல்லுவேன்."

"கடைசியா கேக்கறேன். எந்திரிப்பியா, மாட்டியா?"

"மாட்டேன்."

ஜஹீரா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்ற நான்கு பேரும் ஈர ஏப்ரனோடு பின்னறையிலிருந்து வந்தார்கள். ஒருவர் தோள் ஒருவர் மேல் உரச, மெஷினைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கேஷவ் ஆசிப்பைப் பார்த்தார். ஆசிப் போர்க்லிஃப்டில் ஏறவில்லை.

லாரி டிரைவர் ஷட்டருக்குள் தலையை நீட்டினார்.

"ஏத்தப் போறீங்களா இல்லியா சார்? காலையில இருந்து வெறும் வண்டியை வெச்சிக்கினு நிக்கிறேன்."

கேஷவ் அவரைப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினார். பிறகு தபீதாளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். முதல் முறையாகக் கெஞ்சினார்.

"ஆடிட்டுக்குக் காட்டறதுக்காக வாடகைக்கு எடுத்த மெஷின்மா இது. ஃபாரின்காரங்க பாத்துட்டு சந்தோஷமா போயிட்டாங்க. இதைத் திருப்பி அனுப்பிட்டு, நீங்க பழையபடி பிரஷை எடுத்துக்கங்க."

"பிரஷை நீங்க எடுத்துக்கங்க சார்" என்றாள் தபீதாள். "மெஷின் எங்கேயும் போகாது."